கோப்பிக் கடையும் ஆண்டறிக்கையும்

ஈப்போ பழைய பட்டணத்தில் ஜாலான் பண்டார் தீமா என்றொரு தெரு. வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு லீச் தெரு என்று பெயர். அங்கே சின் யூன் லூங், நாம் ஹியோங் என்று இரண்டு சீனக் கோப்பிக் கடைகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. முன்னது 1937இல் வந்தது, பின்னது 1958இல். சீனியோ கோதுமையோ சேர்க்காமல் மார்ஜரின் மட்டும் போட்டு வறுத்த கொட்டையில் இறக்கிய கோப்பி, அதன்மேல் கெட்டிப்பால். நிறம் வெளிறியிருக்கும், கசப்பு குறைந்திருக்கும். இதுதான் ஈப்போ வெள்ளைக் கோப்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறப் போனால் அந்தத் தெருவில் நாற்காலி கிடைப்பதே பெரும்பாடு.

நாம் ஹியோங்கின் பக்குவத்தை அடிப்படையாக வைத்து 1999இல் கோ சிங் முன், தான் சே யாப் என்ற இருவர் ஒயிட் கஃபே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கோப்பித்தூளும் பால்மாவும் சீனியும் கலந்த பொட்டலம்தான் முதல் சரக்கு. தொழிற்சாலை ஈப்போவின் தாசேக் தொழிற்பேட்டையில். 2005இல் 'ஓல்டு டவுன் ஒயிட் கோஃபி' என்ற பெயரில் குளிரூட்டிய உணவகம் ஒன்றைத் திறந்தார்கள். பளிங்கு மேசை, மர நாற்காலி, கொப்பி-தியாம் எனும் பழைய கோப்பிக் கடையின் வாசனை, கூடவே இணைய வசதி. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் கிளைகள் பரவி இருநூறைத் தாண்டின. 2011 ஜூலை 13இல் ஓல்டு டவுன் பெர்ஹாட் பங்கு ஒன்று 1.25 வெள்ளிக்குக் கோலாலம்பூர் பங்குச் சந்தைக்கு வந்தது. 2017 டிசம்பரில் நெதர்லாந்தின் ஜேக்கப்ஸ் டௌவ எக்பெர்ட்ஸ் என்ற கோப்பி நிறுவனம் பங்குக்கு 3.18 வெள்ளி ரொக்கம் தருவதாக அறிவித்தது. மொத்த மதிப்பு 147 கோடி வெள்ளி. 2018இல் ஓல்டு டவுன் சந்தையைவிட்டு வெளியேறியது.

வெளியீட்டின்போது 1,250 வெள்ளி போட்டு ஆயிரம் பங்கு வாங்கி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு ஆறரை ஆண்டில் 3,180 வெள்ளி. இடையில் வந்த லாப ஈவும் போனஸ் பங்கும் தனி. கூட்டுக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு. நிரந்தர வைப்புத்தொகைக்கு வங்கிகள் மூன்று விழுக்காட்டைச் சுற்றி வட்டி கொடுத்த காலம் அது.

இந்த நிறுவனம் வளர்ந்தது ஈப்போக்காரர்களின் கண்முன்னே. புந்தோங்கில் இருப்பவர், சுங்கை சிப்புட்டிலிருந்து சனிக்கிழமை சாமான் வாங்க வருபவர், தோட்டத்தைவிட்டு வெளியேறித் தாமானில் வீடு வாங்கியவர் எல்லாரும் அந்தப் பொட்டலத்தை வாங்கியிருப்பார்கள். தமிழ்நாட்டுக்குப் போகும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோயும் இருப்பார்கள். கோலாலம்பூர் முதலீட்டு வங்கியின் ஆய்வாளருக்கு முன்பே இவர்களுக்கு அந்தச் சரக்கு தெரியும். அப்படியிருக்க, தெரிந்த சரக்கைத் தெரிந்த பங்காக ஆக்கிக்கொள்ள இடையில் என்ன தேவைப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அன்றாடம் வாங்கும் பொருளிலிருந்தே முதலீட்டு யோசனை பிடிக்கலாம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்காவின் பீட்டர் லிஞ்ச். 1977 முதல் 1990 வரை ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மெகலன் நிதியை நடத்தியவர். அந்த 13 ஆண்டில் நிதியின் சராசரி ஆண்டு ஆதாயம் 29 விழுக்காட்டுக்கு மேல். 1989இல் அவர் எழுதிய புத்தகத்தில் வரும் பெண்கள் காலுறைக் கதை பிரபலம். அவர் மனைவி கேரலின் பேரங்காடியில் 'லெக்ஸ்' என்ற காலுறையை வாங்கிவந்து மெச்சினார். அதுவரை நல்ல காலுறை வேண்டுமென்றால் பெரிய துணிக்கடைக்குத்தான் போகவேண்டும். அரிசி பருப்பு வாங்கும் இடத்திலேயே கிடைத்தால் விற்பனை எங்கே போகும் என்று லிஞ்ச் யோசித்தார். அதைத் தயாரித்த ஹேன்ஸ் நிறுவனத்தின் பங்கை வாங்கினார்.

கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். அடுத்த பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போட்டி நிறுவனம் ஒன்று அதேபோன்ற காலுறையை அதேபோன்ற கடைகளில் இறக்கியபோது லிஞ்ச் கலங்கினார். அந்தப் புதுக் காலுறையில் 48 ஜோடி வாங்கி, அலுவலகப் பெண்களிடம் கொடுத்து அணிந்து பார்க்கச் சொன்னார். தரம் ஹேன்ஸ் அளவுக்கு இல்லை என்று சேதி வந்த பிறகே கையிலிருந்த பங்கை விற்காமல் வைத்துக்கொண்டார். மனைவி மெச்சியதற்காகப் பங்கு வாங்கியவர் என்று அவரைச் சொல்வது அநியாயம். பிடித்த கடை என்பதற்காக அதன் பங்கை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் அறிவுரை கூறவில்லை என்று அவரே பின்னாளில் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

ஈப்போவுக்குத் திரும்புவோம். மளிகைக் கடைத் தட்டில் அடுக்கியிருந்த வெள்ளைக் கோப்பிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தவருக்கு முதல் சிக்கல் அங்கேயே காத்திருந்தது. முன்பக்கம் பெரிய எழுத்தில் ஓல்டு டவுன். பின்பக்கம், சேர்மானப் பட்டியலுக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒயிட் கஃபே. பங்குப் பட்டியலில் ஒயிட் கஃபேயைத் தேடினால் கிடைக்காது. அது ஓல்டு டவுன் பெர்ஹாட்டின் துணை நிறுவனம். அதே தட்டில் பக்கத்திலேயே இருந்த செக் ஹப் பொட்டலமும் ஈப்போச் சரக்குதான், ருசியிலும் குறைந்ததல்ல. ஆனால் அது குடும்ப நிறுவனம், பங்கு வாங்க வழியில்லை. நம் வீட்டுச் சமையலறையில் நீங்காத இடம் பிடித்த பாபாஸ் மசாலைத்தூளும் அப்படித்தான். எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் புந்தோங்கில் வறுத்துப் பொட்டலம் கட்டும் கச்சாங் பூத்தேயை நாடே தின்கிறது, அதையும் பங்காக வாங்க முடியாது. பார்த்து ரசிக்கிற பொருள்களில் பெரும்பாலானவை சந்தையில் இல்லாதவை. கவனிப்பதில் கெட்டிக்காரராக இருப்பவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய ஏமாற்றம் இது.

இரண்டாவது சிக்கல் பெரியது. ஓல்டு டவுன் ஒரு நிறுவனமாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு தொழில்கள் இருந்தன. ஒன்று உணவகத் தொடர், மற்றது பொட்டலக் கோப்பித் தயாரிப்பு. கண்ணுக்குப் பட்டது உணவகம். மூலைக்கடை, பெரிய பலகை, உள்ளே கூட்டம் இருக்கிறதா இல்லையா என்று காரில் போகும்போதே பார்த்துவிடலாம். லாபத்தின் பெரும்பகுதி வந்ததோ பொட்டலத்திலிருந்து. அந்தப் பொட்டலத்திலும் கணிசமான அளவு ஹாங்காங்குக்கும் சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியது. ஈப்போவில் இருப்பவர் கண்ணில் ஷென்சென் பேரங்காடித் தட்டு எப்படிப் படும்?

2014, 2015 வாக்கில் உணவகத் தொழில் தளர்ந்தது. ஓல்டு டவுனைப் பார்த்து அதே பாணியில் பல கடைகள் முளைத்துவிட்டன. 2015 ஏப்ரல் முதல் 6 விழுக்காடு பொருள் சேவை வரி வந்தது. சாப்பாட்டு ரசீதின் கடைசியில் வரி தனியாக அச்சாகி வர, வெளியே சாப்பிடுவதை மக்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். கிளைகளில் காலி மேசைகள் தெரிந்தன. இப்போது கவனிப்புக் கலையை மட்டும் நம்பியவர் என்ன செய்திருப்பார்? கடை காலியாகிறது, விற்றுவிடுவோம் என்றுதான் முடிவெடுத்திருப்பார். அவர் கண்டது பொய்யில்லை. ஆனால் அவர் கண்டது நிறுவனத்தின் இளைத்த கையை மட்டுமே.

மற்றக் கையைப் பார்க்க ஆண்டறிக்கையின் பின்பகுதிக்குப் போகவேண்டும். முன்பகுதியில் தலைவரின் வண்ணப்படம், விருதுகள், இரத்ததான முகாம் எல்லாம் இருக்கும். அவற்றைத் தாண்டி நூறு பக்கத்துக்கு மேல் போனால், கணக்குக் குறிப்புகளுக்கு நடுவே தொழில் பிரிவுகள் பற்றிய பட்டியல் வரும். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் ஒவ்வொரு பிரிவின் வருமானத்தையும் லாபத்தையும் தனித்தனியாகக் காட்டவேண்டும் என்பது கணக்கியல் விதி. வலப்பக்கம் இந்த ஆண்டு, சென்ற ஆண்டு என்று எண்கள். இரண்டு ஆண்டு அறிக்கையைப் பக்கத்தில் வைத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒப்பிட்டாலே எந்தக் கை இளைக்கிறது, எது தேறுகிறது என்று தெரிந்துவிடும். அதே குறிப்பில் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வருமானம் என்ற கணக்கும் இருக்கும். இந்த அறிக்கைகள் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியவை. நம்மவர்களில் பங்கு வாங்குகிற பலர் தரகர் சொல்லையும் புலனக் குழுச் செய்தியையும் நம்புகிற அளவுக்கு இந்த ஒரு பக்கத்தை நம்புவதில்லை. எனக்கு இது புரிந்ததே இல்லை.

வெளிநாட்டு நிறுவனம் கடைசியில் எதை விலைக்கு வாங்கியது என்பதையும் யோசிக்கவேண்டும். ஜேக்கப்ஸ் டௌவ எக்பெர்ட்ஸ் கோப்பி விற்கும் நிறுவனம். 2017இல்தான் சிங்கப்பூரின் சூப்பர் குழுமத்தை, அதாவது நம் தோட்டத்துக் கடைகள்வரை வந்த 'சூப்பர்' பொட்டலக் கோப்பியை, வாங்கி முடித்திருந்தது. அடுத்து அதே தட்டில் இருந்த ஓல்டு டவுனுக்கு விலை பேசியது. சூப்பர் கைமாறிய செய்தியைப் படித்தவர், தட்டில் மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று மளிகைக் கடைக்குப் போய்ப் பார்த்திருந்தால், அது லிஞ்ச் செய்த வேலைக்கு ஏறக்குறைய ஒப்பாகும்.

பழக்கமான பொருளில் பணம் போடும் குணத்தைப் பற்றிக் கல்விப்புலத்தில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கர் ஹூபர்மன் 2001இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களை எடுத்துக்கொண்டது. ஒரே பெரிய நிறுவனம் வட்டார நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின், மக்கள் எல்லா நிறுவனப் பங்கையும் சமமாக வைத்துக்கொள்ளாமல் தங்கள் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் பங்கையே அதிகம் வைத்திருந்தார்கள். மாதாமாதம் கட்டண ரசீது வருவதால் நிறுவனத்தைப் பற்றித் தனித்தகவல் ஏதும் கிடைத்துவிடாது. பழகிய பெயர் தந்த தைரியம், அவ்வளவே. அவருடைய முடிவு லிஞ்ச் கட்சிக்கு எதிரானது போலத் தோன்றும்.

ஜிக்குன் ஹுவாங் 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு பக்கம் திருப்புகிறது. அமேசான் தளத்தில் 2004 முதல் 2015 வரை வாங்கியவர்கள் இட்ட ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை அவர் அலசினார். ஒரு நிறுவனத்தின் பொருளுக்கு வாடிக்கையாளர் தரும் மதிப்பெண், அதே நிறுவனம் முன்பு பெற்று வந்ததைவிட உயர்ந்தால், அதன் பங்கு அடுத்த மாதம் மற்றவற்றைவிட நன்றாகப் போனது. வருமானமும் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தது. எனக்கு இதில் கவனத்துக்குரியதாகப் படுவது அந்த 'முன்பைவிட' என்பது. மைலோ நல்ல பானம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு செய்தியும் இல்லை, அந்த நற்பெயர் ஏற்கெனவே விலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நெஸ்லே மலேசியாவின் பங்கு நூறு வெள்ளியைத் தாண்டி நாட்டிலேயே விலை உயர்ந்த பங்காக நின்றதும், 2024இல் லாபம் சரிந்தபோது நூறுக்குக் கீழே இறங்கியதும், மைலோவின் ருசி மாறியதால் அல்ல. மைலோ குடித்துக்கொண்டிருந்த வீட்டில் பிள்ளைகள் வேறொன்றைக் கேட்கிறார்களா, கடைக்காரர் தட்டில் இடத்தைக் குறைத்துவிட்டாரா என்பதுதான் செய்தி.

மாற்றம் கண்ணுக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சி அண்மையில் நடந்தது. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கியபின் மலேசியாவில் ஸ்டார்பக்ஸ் புறக்கணிப்பு பரவியது. ஈப்போ பேரங்காடிகளில் அந்தக் கடையைக் கடந்துபோன எவரும் காலி நாற்காலிகளைக் கண்டிருப்பார்கள். இங்கே அந்தக் கடைகளை நடத்துவது பங்குச் சந்தையில் உள்ள பெர்ஜாயா ஃபூட் நிறுவனம். 2023 ஜூனில் முடிந்த நிதியாண்டில் 10 கோடி வெள்ளிக்கு மேல் லாபம் காட்டிய நிறுவனம் அடுத்த ஆண்டு 9 கோடி வெள்ளிக்கு மேல் நட்டம் காட்டியது. ஓல்டு டவுனில் கண்ணை ஏமாற்றிய காலி மேசை இங்கே ஏமாற்றவில்லை. காரணம், பெர்ஜாயா ஃபூடுக்கு ஸ்டார்பக்ஸ் கடைதான் பிழைப்பே, கப்பலேறும் பொட்டலம் அதனிடம் இல்லை.

சரியாகப் பார்த்தும் தோற்பதற்கு இன்னொரு வழி உண்டு. அதற்குப் பேராக் மண்ணே பழைய சாட்சி. 1877இல் கோலாகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளிலிருந்து மலாயாவில் ரப்பர் வேரூன்றியது. முப்பது ஆண்டு கழித்து லண்டன் தெருக்களில் மோட்டார் வண்டிகள் பெருகின. 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. தெருவைப் பார்த்தவனுக்கெல்லாம் டயர் தெரிந்தது, டயரைப் பார்த்தவனுக்கு ரப்பர் தெரிந்தது. லண்டனில் எழுத்தரும் மளிகைக்காரரும்கூட மலாயா ரப்பர் பங்குகளை வாங்கிக் குவித்தார்கள். 1910 ஏப்ரலில் ஒரு ராத்தல் ரப்பர் 12 சில்லிங்குக்கு மேல் போனது. அவர்களுடைய கவனிப்பில் குற்றமே சொல்ல முடியாது. மோட்டார் வண்டி உலகை மாற்றியது, ரப்பரும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டது. ஆனால் அந்த ஆண்டே விலை சரிந்தது. ஷாங்காயில் ரப்பர் பங்குகளில் மாட்டிக்கொண்ட சீன உள்ளூர் வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்தன.

நூற்றுப்பத்து ஆண்டு கழித்து இதே கதை கையுறையில் நடந்தது. 2020இல் கோவிட் பரவியபோது, கையுறைக்கு உலகம் மலேசியாவைத்தான் நம்பியிருக்கிறது என்பது ரப்பர் மரம் வெட்டிய குடும்பங்களுக்குப் புதுச் செய்தி அல்ல. டாப் குளோவ் 2021 ஆகஸ்டில் முடிந்த ஆண்டில் 700 கோடி வெள்ளிக்கு மேல் லாபம் ஈட்டியது. பங்கு விலையோ 2020 பிற்பாதியிலேயே உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. லாபச் செய்தி நாளிதழில் வந்த பிறகு வாங்கியவர்கள் இறங்குமுகத்தில் ஏறியவர்கள். 2022இல் பங்கு ஒரு வெள்ளிக்குக் கீழே கிடந்தது. 2023 ஆகஸ்டில் முடிந்த ஆண்டில் 90 கோடி வெள்ளிக்கு மேல் நட்டம்.

பிடித்த பொருள் நிறுவனத்தின் மொத்தத்தில் சிறு துளியாக இருந்துவிடும் சிக்கலும் உண்டு. ஈப்போவில் ஜாலான் எஸ்.பி. சீனிவாசகம் முதல் எண் கட்டடம் விஸ்மா தைக்கோ. தெருவின் பெயர் மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்திய வழக்கறிஞர் சகோதரர்களில் ஒருவருடையது. கட்டடம் கே.எல்.கே. எனப்படும் கோலாலம்பூர் கெப்போங் பெர்ஹாட்டின் தலைமையகம். 1906இல் லண்டனில் ரப்பர் நிறுவனமாகப் பிறந்து, ஈப்போவின் லீ லோய் செங் காலத்தில் மலேசிய நிறுவனமாகி, இன்று இரண்டு லட்சம் ஹெக்டருக்கு மேல் பயிரிட்டிருக்கும் செம்பனைப் பேரரசு. சங்காட் செர்மின் போன்ற பேராக் தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழைத்தது இந்த நிறுவனத்துக்குத்தான். அந்த நிறுவனம் 1996இல் கிராப்ட்ரீ அண்ட் ஈவ்லின் என்ற வாசனைச் சோப்பு, லோஷன் கடைத் தொடரை வாங்கியது. அழகான கடை, அழகான பொட்டலம். பேரங்காடியில் அதைப் பார்த்து மயங்கி கே.எல்.கே. பங்கு வாங்கியவர் இருந்தால் அவர் தவறான காரணத்துக்காகச் சரியான பங்கை வாங்கியவர். அந்தத் தொடரின் அமெரிக்கப் பிரிவு 2009இல் திவால் பாதுகாப்பு கேட்டது. 2012இல் கே.எல்.கே. அதைக் கைகழுவியது. சோறு போட்டது செம்பனை. பத்து டிரம் எண்ணெய்க்கு நடுவே ஒரு லோஷன் புட்டி எவ்வளவு நன்றாக விற்றாலும் கணக்கில் தெரியாது என்பதை லிஞ்சும் திரும்பத் திரும்பச் சொல்வார். பிடித்த பொருள் நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் எத்தனை விழுக்காடு என்பதுதான் அவர் முதலில் கேட்கும் கேள்வி.

செம்பனையைப் பற்றி விஸ்மா தைக்கோவுக்கு வெளியே மிக நன்றாகத் தெரிந்தவர்கள் தோட்டத்து மக்களே. மறுநடவு எந்தப் பகுதியில், குலை எப்படி, ஆள் பற்றாக்குறை எவ்வளவு, எல்லாம் தெரியும். பங்கு மட்டும் அவர்களிடம் இல்லை. தெரிந்ததை உடைமையாக்கும் முயற்சி ஒன்று பேராக்கிலிருந்துதான் புறப்பட்டது, அதுவும் லிஞ்ச் புத்தகம் எழுதுவதற்கு 29 ஆண்டு முன்பு.

விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கிய கூட்டாளிகள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். துண்டான தோட்டத்தில் லயம் இல்லை, பள்ளி இல்லை, வேலையும் இல்லை. தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதும் அளவுக்கு அது நாட்டுப் பிரச்சினையானது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் அப்போது மத்திய அமைச்சர், ம.இ.கா. எனப்படும் இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவர். 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய், சம்பள நாளில் அந்தப் பத்து வெள்ளியைக் கேட்டார்கள். சேர்ந்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். பிறகு ஒவ்வொன்றாகப் பல தோட்டங்கள்.

பங்கு வாங்கியவர் யார் என்று பாருங்கள். விடியும் முன் எழுந்து மரம் வெட்டியவர். எந்த நிரையில் பால் சுரக்கும், எந்த மரம் கிழடு, மழை பெய்தால் எத்தனை நாள் வேலை கெடும், கிராணி எடையில் எவ்வளவு கழிப்பார் என்றெல்லாம் அறிந்தவர். அவர் வாங்கியது அந்த மரத்தின் ஒரு துணுக்கை. தெரிந்ததில் பணம் போடு என்ற கொள்கைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வறுமையில் கிடந்த மக்களிடமிருந்து சல்லி சல்லியாகத் திரட்டிய முதல் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சங்கம் இன்றும் இருக்கிறது. கோலாலம்பூரில் அதன் கட்டடத்துக்கு சம்பந்தன் பெயர்.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து இன்னொரு அழைப்பு வந்தது. 1982இல் ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலு மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய நாடாளுமன்றத் தொகுதியும் அதே சுங்கை சிப்புட்தான். பங்கு ஒரு வெள்ளி. சுமார் 66,000 இந்தியர்கள் சேர்ந்து 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்டார்கள். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் வாங்கியவர்கள் உண்டு என்பது தோட்டப்புறத்தில் இன்றும் பேசப்படும் செய்தி. காப்புறுதி, தொலைக்காட்சி என்று மைக்கா பலவற்றில் கை வைத்தது. பங்குதாரர் கண்ணால் பார்த்துச் சோதிக்கக்கூடியது ஒன்றும் அதில் இல்லை. நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரவேயில்லை, ஆகவே நாள்தோறும் ஒரு விலையும் இல்லை. 1990இல் டெலிகோம் மலேசியாவின் ஒரு கோடிப் பங்குகள் ஒதுக்கப்பட்டு, பத்து லட்சம் மட்டுமே மைக்காவுக்கு வந்து சேர்ந்தது பெரும் சர்ச்சையானது. 2010இல் ஒரு தொழிலதிபரின் நிறுவனம் பங்குக்கு 80 சென் தர முன்வந்தது. ஒரு வெள்ளிக்கு 28 ஆண்டு கழித்து 80 சென்.

மைக்காவை அரசியல் துரோகமாகவே பேசி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கம். என் பார்வையில் அதைவிட ஆழமான சேதம் ஒன்று நடந்தது. மரத்தை அறிந்து பத்து வெள்ளி கட்டிய அதே மக்கள், அடுத்த முறை மனிதரை நம்பி ஆயிரம் கட்டினார்கள். அந்த அனுபவத்துக்குப் பின் பங்கு என்றாலே கையைச் சுட்ட நெருப்பு என்ற எண்ணம் ஒரு தலைமுறைக்கே படிந்தது. சீட்டுக் கட்டுவார்கள், தங்கம் வாங்குவார்கள், முடிந்தால் தாமானில் இரண்டாவது வீடு வாங்குவார்கள். 2011இல் ஓல்டு டவுன் பங்கு வெளியானபோது, அந்தக் கோப்பியைக் குடித்துக்கொண்டே அதைக் கவனிக்காமல் விட்டதற்கு இந்த மனத்தடையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்போது சந்தையில் நூறு பங்குதான் ஒரு லாட். அந்த 125 வெள்ளி இல்லாததால் எழுந்த தடை அல்ல இது.

சட்டத்தின் எல்லை ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். கடைத்தெருவில் எல்லாரும் பார்க்கக்கூடியதைப் பார்த்துப் பங்கு வாங்குவது குற்றமில்லை. தொழிற்சாலையில் வேலை செய்பவர், அலுவலகக் கணக்கர், ஓட்டுநர், எவராயினும், வெளியாகாத பெரிய ஆர்டரையோ நட்டத்தையோ அறிந்து வாங்கினாலும் விற்றாலும் அது 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை சேவைச் சட்டத்தின்படி உள்வணிகக் குற்றம். மச்சானுக்குச் சொல்லி வாங்க வைத்தாலும் குற்றமே.

இப்போது பேராக்கின் சிறு பட்டணங்களில் கண்ணில் அதிகம் படுவது கோப்பிக் கடை அல்ல, 99 ஸ்பீட்மார்ட். தோட்டத்தைவிட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான் முனைகளில் வெள்ளை விளக்குப் போட்ட அந்த மினி மார்க்கெட்டைக் காணாமல் இருக்க முடியாது. அரிசி, எண்ணெய், பாம்பர்ஸ், சவர்க்காரம் எல்லாம் பக்கத்தில் கிடைப்பதால் சீனர் மளிகைக் கடையின் கடன் புத்தகம் மூடப்பட்டுவிட்டது. கிள்ளானில் சிறு மளிகைக் கடையோடு ஆரம்பித்த லீ தியாம் வா கட்டியெழுப்பிய இந்த நிறுவனம் 2024 செப்டம்பர் 9இல் பங்கு 1.65 வெள்ளிக்குச் சந்தைக்கு வந்தது. முதல் நாளே விலை ஏறி முடிந்தது.

2023இல் அதன் விற்பனை சுமார் 920 கோடி வெள்ளி, நிகர லாபம் சுமார் 40 கோடி. நூறு வெள்ளிக்குச் சாமான் விற்றால் நாலு வெள்ளிச் சொச்சம் மிஞ்சுகிறது. மொத்தப் பங்குகள் 840 கோடி, ஆகவே பங்குக்கு லாபம் ஐந்து சென்னுக்குச் சற்றுக் குறைவு. 1.65 வெள்ளி கொடுத்தவர் ஏறத்தாழ 35 ஆண்டு லாபத்தை முன்கூட்டியே கொடுத்திருக்கிறார். அந்த விலை நியாயமாக வேண்டுமானால் லாபம் வேகமாக வளரவேண்டும். புதுக் கடை திறப்பதால் மட்டும் வரும் வளர்ச்சி ஒரு வகை. பழைய கடைகளே முன்பைவிட அதிகம் விற்பது வேறு வகை. நிறுவனங்கள் இரண்டாவதைப் பழைய கடைகளின் விற்பனை வளர்ச்சி என்று தனியாகச் சொல்லும். அறிக்கையில் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். ஒரே தாமானில் எண்ணூறு மீட்டருக்குள் இரண்டாவது கிளை திறந்தால் அது அடுத்த நிறுவனத்தின் வாடிக்கையாளரைப் பிடிக்கிறதா, தன் முதல் கிளையிலிருந்தே எடுத்துக்கொள்கிறதா என்பது அந்த வரியில்தான் தெரியவரும். காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் அறிக்கை வெளியிடவேண்டும் என்பது சந்தை விதி. புதுக் கிளை திறந்த வாரத்திலிருந்து முதல் கிளையின் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் குறைந்தனவா, காசாளர் இருவரில் ஒருவரை அங்கே மாற்றிவிட்டார்களா என்பதை எதிர்வீட்டில் குடியிருப்பவர் அந்த அறிக்கைக்கு மூன்று நான்கு மாதம் முன்பே பார்த்துக்கொண்டிருப்பார்.